சனிக்கிழமை யாருக்கெல்லாம் லீவு?

தேர்ட் இயர் முடிக்கப்போற பசங்க இப்போ எங்கிட்ட கேக்குறது ரெண்டே ரெண்டு கேள்விதான். ஒண்ணு, இன்டர்ன்ஷிப்ல பிபிஓ (ப்ரீ பிளேஸ்மென்ட் ஆஃபர், அதாவது அதே கம்பெனி முன்னாடியே குடுத்துடற வேலை) வாங்க என்ன பண்ணணும். இன்னொண்ணு கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும், "அண்ணா, நடுவுல ஃப்ரெண்ட்ஸ் கூட ஒரு டூர் போலாம்னு இருக்கோம், லீவு கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களா?" முதல் கேள்விக்கு எனக்கு பெருசா பதில் தெரியாது. ரெண்டாவதுக்குத் தெரியும், கேளு, குடுப்பாங்க, அவ்ளோதான். ஆனா அத டைப் பண்ணி அனுப்புறதுக்குள்ள ஒவ்வொரு தடவையும் கை நின்னுடுது. போன வருஷம் நாங்க நாலு பேரு வால்பாறை போனோம். அந்த டூர்ல லீவு கேட்டதுதான் இருக்கறதுலயே சுலபமான வேலை. மத்த விஷயம் ஒண்ணு இருக்கு, அது இன்னும் எனக்கும் ஒருத்தனுக்கும் நடுவுல தீராம ஓடிட்டு இருக்கு.

முதல்ல அந்த வருஷக் காலண்டர பத்தி சொல்லியே ஆகணும். 2025 சம்மர்ல இன்டர்ன்ஷிப் பண்ணவங்களுக்கு நான் எத சொல்றேன்னு புரியும். மே 1 வியாழக்கிழமை, அப்போ நாங்க யாரும் சேரவே இல்ல. நான் மே நடுவுல ஓஎம்ஆர்ல ஒரு ஆபீஸ்ல சேர்ந்தேன், ஜூலை நடுவுல முடியுது. இந்த கேப்ல வந்த பக்ரீத் ஜூன் 7, சனிக்கிழமை. மொஹரம் ஜூலை 6, ஞாயித்துக்கிழமை. அதாவது மொத்த இன்டர்ன்ஷிப்லயும் வேலை நாள்ல ஒரு கவர்மென்ட் லீவு கிடையாது. ஆகஸ்ட் 15 அழகா வெள்ளிக்கிழமைல வந்து உக்காந்துச்சு, ஆனா அப்போ இன்டர்ன்ஷிப்பே முடிஞ்சிருக்கும். யாரோ வேணும்னே உக்காந்து போட்ட மாதிரி ஒரு காலண்டர்.

அதனால டூர் போகணும்னா ஒரு நாளாவது லீவு போட்டே ஆகணும். நான் சென்னைல சோழிங்கநல்லூர் பக்கம் பிஜி ஹாஸ்டல்ல, மத்த மூணு பேரும் கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல. சனிக்கிழமை காலைல நான் கோயம்புத்தூர்ல இறங்கி, உக்கடத்துல பஸ் ஏறி, பொள்ளாச்சில மாறி, ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கவே மத்தியானம் ஆயிடும். ஞாயித்துக்கிழமை ராத்திரியே திரும்பணும்னா போறதுக்கே அர்த்தமில்ல. திங்கட்கிழமை வேணும்.

யார் யாரு என்னன்னு சொல்லிடறேன், பேரெல்லாம் வேணாம், ஊர் பேர்லதான் எப்பவும் கூப்பிட்டுக்குவோம். ஈரோடு, கோவை காந்திபுரத்துல ஒரு சென்டர்ல கைக்காசு கட்டி "இன்டர்ன்ஷிப்" பண்ணிட்டு இருந்தான். காலேஜ் கிரெடிட்டுக்கு சர்டிபிகேட் வேணும், கம்பெனி எதுவும் எடுக்கல, அதனால காசு குடுத்து வேலை பாக்குறான்னு வெச்சுக்கோங்க. வாரத்துல ரெண்டு நாள் போய் யாரோ ஏற்கனவே பண்ணி வெச்ச ப்ராஜெக்ட்ல பேர மாத்துவான். இந்த மாதிரி சென்டர் எத்தன இருக்குன்னு கோவைல படிச்ச யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்ல. தேனி, பெங்களூர்ல ஒரு சின்ன ஸ்டார்ட்டப்புக்கு வீட்ல இருந்தே வேலை, ஸ்டைபண்ட் கிடையாது, "லேர்னிங் நிறைய இருக்கும்"னு சொல்லி எடுத்தாங்க. திருப்பூர் எங்கயும் போகல. அவங்க அப்பா ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட் வெச்சிருக்காரு, பெரிய கம்பெனிகள்ல இருந்து கட்டிங் பீஸ் வாங்கி தெச்சுக் குடுக்குற ஜாப் ஒர்க். லீவுல அவன் அங்கதான். சர்டிபிகேட்ட தெரிஞ்சவங்க மூலமா எப்படியோ வாங்கிட்டான். நான் மட்டும்தான் கழுத்துல டேக் போட்டுட்டு, கார்டு தேச்சு கேட் திறந்து, ஏசில உக்காந்து, மாசம் முடிஞ்சா காசும் வாங்குறவன்.

லீவு கேட்ட கதை

ஹாஸ்டல்ல சீனியருங்க ஒரு விஷயத்த வேதம் மாதிரி சொல்லி வெச்சிருந்தாங்க. இன்டர்ன்ஷிப்ல லீவு கேட்டா பிபிஓ காலி. ஒரு அண்ணன் இன்னும் மேல போய், காய்ச்சல் வந்தாலும் மாத்திரை போட்டுட்டு போய் உக்காருன்னாரு. இத நம்பி ஜூன் முழுக்க நான் வாயே திறக்கல. க்ரூப்ல "டேட் சொல்றா"ன்னு கேட்டா "பாக்குறேன் பாக்குறேன்"னு தள்ளிட்டே இருந்தேன். ஜூன் கடைசி வாரம்னு முதல்ல பேசுனோம், அப்போ எனக்கு மிட் ரிவ்யூ வந்துச்சு. அப்புறம் அதுக்கு முந்தின வாரம்னாங்க, அப்போ டீம்ல ரிலீஸ். எல்லாரும் மாத்திக்கிட்டாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. பெரிய கம்பெனில இருக்கான், பாவம், அவன் லீவ பாத்துத்தான் போடணும்னு அவங்களே ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க.

கடைசில என் மென்டர்கிட்ட கேட்டேன். அவங்க வயசுல நம்மள விட ஒரு பத்து வருஷம் பெரியவங்க இருக்கும், பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு முதல் நாளே சொல்லிட்டாங்க, எனக்கு வாய் வராம ரெண்டு மாசமும் எப்படியும் கூப்பிடாமலேயே பேசிட்டு இருந்தேன். "ஜூலை 7 திங்கட்கிழமை ஒரு நாள் லீவு வேணும், வீட்ல ஒரு..."ன்னு ஆரம்பிச்சேன், சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசம் ஒண்ணு ரெடியா வெச்சிருந்தேன், அது வெளிய வர்றதுக்குள்ள அவங்க, "சரி, அந்த கோட வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ரிவ்யூக்கு போட்டுடு, காலண்டர்ல மார்க் பண்ணிடு"ன்னு ஸ்க்ரீன் பக்கம் திரும்பிட்டாங்க. முடிஞ்சுது. எங்க போறேன்னு அப்புறம் சும்மா கேட்டாங்க. வால்பாறைன்னதும், "இந்த மழையிலயா? அட்டை கடிக்கும், உப்பு எடுத்துட்டுப் போ"ன்னாங்க. கூடவே, "லேப்டாப்ப மட்டும் தூக்கிட்டுப் போகாத. அங்க டவரும் இருக்காது, ரெண்டுங்கெட்டானா உக்காந்திருப்ப. போனா போ, இல்லன்னா இங்கயே இரு."

இத கேட்டுட்டு வந்து சீனியருங்க மேல எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. அப்புறம் ஒவ்வொருத்தரையா விசாரிச்சா, லீவு கேட்டு பிபிஓ போனவங்க ஒருத்தர் கூட இல்ல. ஏன்னா அவங்கள்ல யாருமே கேட்டதில்ல. கேக்காம இருந்தவங்க கேக்காதன்னு சொல்லி, அத கேட்டு கேக்காம இருந்தவங்க அடுத்த பேட்ச்சுக்கு சொல்லி, இப்படியே வந்திருக்கு. எல்லா கம்பெனியும் இப்படித்தான்னு நான் சொல்ல வரல, தேனி வேலை பாத்த இடத்தோட லட்சணத்த பின்னாடி சொல்றேன். ஆனா ஒழுங்கா ஹெச்ஆர், லீவு ஆப் எல்லாம் வெச்சிருக்குற இடத்துல ஒரு இன்டர்ன் ஒரு திங்கட்கிழமை வரலன்னா அங்க ஒண்ணும் கவுந்துடாது. உண்மைய சொன்னா நாம அவ்ளோ முக்கியமான ஆளே இல்ல.

லீவு கெடச்சது டிக்கெட் எடுக்க முடியாத நேரத்துல. ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி திறக்கும், அப்போ நான் கம்பெனிலயே சேரல. மிச்சம் தட்கல்தான். ஜூலை 4 வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் தட்கல் வியாழக்கிழமை காலைல 11 மணிக்கு. ஈரோடு சும்மாதானே இருக்கான், அவன் போடட்டும்னு பிளான். அந்த வாரம் பாத்து, ஜூலை 1ல இருந்து ஆதார் வெரிஃபை பண்ண அக்கவுண்ட்ல இருந்துதான் ஆன்லைன்ல தட்கல் போட முடியும்னு ரூல் வந்துடுச்சு. ஈரோடோட ஆதார்ல அவங்க அப்பாவோட பழைய நம்பர் இருக்கு, ஓடிபி எங்கயோ போகுது. என்னுது மட்டும்தான் லிங்க் ஆயிருந்துச்சு. எங்க ஸ்டாண்டப் மீட்டிங் 10:45க்கு, பதினஞ்சு நிமிஷம்னு பேரு, என்னைக்கும் பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சதில்ல. வட்டமா நிக்கறோம், ஒருத்தர் டேட்டாபேஸ் பத்தி பேசிட்டே போறாரு, எனக்கு பேன்ட் பாக்கெட்ல ஃபோன் சுடுது. என் முறை வந்தப்போ 10:58. நேத்து பண்ணது, இன்னைக்கு பண்ணப்போறது, பிளாக்கர் எதுவும் இல்ல, மூணையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு வாஷ்ரூம் பக்கம் நடந்தேன். ஏஜென்டுங்க முதல் அரை மணி நேரம் போட முடியாதுன்னும் அதே ரூல்ல சொல்லியிருந்தாங்க, அதனாலயோ என்னவோ சைடு அப்பர் ஒண்ணு கன்ஃபர்ம் ஆச்சு. கிலோமீட்டருக்கு 1 பைசா கட்டணம் ஏறியிருந்ததும் அதே தேதில இருந்துதான், கோயம்புத்தூருக்கு கிட்டத்தட்ட 5 ரூபா, அத பத்தி கவலப்படுற நிலைமைல அப்போ நான் இல்ல.

வீட்ல சம்மதம் வாங்குறது தனிக்கதை. வால்பாறைன்னாலே கோவை சுத்துவட்டார அம்மாக்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். 2023 அக்டோபர்ல காலேஜ் பசங்க அஞ்சு பேரு சோலையாறு எஸ்டேட் பக்கம் தண்ணில இறங்கி திரும்பி வரல. அப்புறம் சிறுத்தை. நாங்க போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் பச்சைமலை எஸ்டேட்ல, ஜார்க்கண்ட்ல இருந்து வேலைக்கு வந்த குடும்பத்துச் சின்னப் பொண்ண சிறுத்தை தூக்கிட்டுப் போயிருந்துச்சு. அதனால தண்ணில இறங்கக் கூடாது, இருட்டுன அப்புறம் ரூம விட்டு நகரக் கூடாது. திருப்பூர் அம்மா எங்க எல்லார்கிட்டயும் தனித்தனியா ஃபோன் போட்டு சத்தியம் வாங்குனாங்க. டூர் வேணாம்னு மட்டும் சொல்லல. அவங்களுக்கு டூரால என்ன வேலை சேரப்போகுதுன்னு அப்போ எனக்கு தெரியாது.

பேக்கரி

ஏறுற வழிய பத்தி எழுத எவ்ளோவோ இருக்கு. ஒன்பதாவது வளைவுல கீழ ஆழியார் டேம் முழுசா தெரியும், அங்க மதில் ஓரத்துல வரையாடு ஒண்ணு நம்மள ஒரு பொருட்டாவே மதிக்காம நின்னுச்சு. மேல போகப் போக மழை, டீ எஸ்டேட் எல்லாம் கழுவி வெச்ச மாதிரி பளபளன்னு. மென்டர் சொன்ன அட்டை பொய்யில்ல, உப்பு வேலை செஞ்சுது. ஆனா நான் சொல்ல வந்தது சனிக்கிழமை சாயங்காலம் வால்பாறை டவுன்ல ஒரு பேக்கரில நடந்தது.

லாட்ஜ்ல டவர் கிடைக்கல. தேனிக்கு ஆறு மணிக்கு ஆபீஸ் கால் இருக்கு, சனிக்கிழமையும்தான், அந்த ஸ்டார்ட்டப்ல சனி ஞாயிறுங்கறது ஒரு விஷயமே இல்ல. லீவு கேட்டிருக்கான், "போய்ட்டு வா, ஆனா அவைலபிளா இரு"ன்னு சொல்லியிருக்காங்க. அதனால லேப்டாப்ப மழைக்கு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, நெஞ்சோட அணைச்சுட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தான், நாங்களும் கூட வந்தோம். பேக்கரில ஓரமா ஒரு டேபிள். அவன் ஹாட்ஸ்பாட் போட்டு, முட்டை பப்ஸ் தட்ட தள்ளி வெச்சுட்டு, பின்னாடி பேக்கரி அலமாரி தெரியக் கூடாதுன்னு சுவத்துப் பக்கமா திரும்பி உக்காந்து ஸ்க்ரீன் ஷேர் பண்ணிட்டு இருக்கான். வெளிய கூரைல மழை கொட்டுற சத்தத்துல அந்தப் பக்கம் பேசுறது அவனுக்கு பாதி கேக்கல, "யெஸ், யெஸ்"ன்னு தலையாட்டுறான்.

எதிர்ல திருப்பூர். அவன் ஃபோன்ல ஒரு நோட்டுப் புஸ்தகத்தோட ஃபோட்டோ, அத பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு ஹெட்செட்ல அவங்க அம்மாகிட்ட பேசிட்டு இருந்தான். "இல்லம்மா, ஓவர்லாக் அக்கா 1,860. அதுல ரிட்டர்ன் வந்தத கழிச்சாச்சு. ஆமா. புதன்கிழமை அட்வான்ஸ் வாங்குனாங்கல்ல, அத கழிச்சுட்டு குடு. அந்தப் பையன் ரெண்டு நாள் மெஷின் மாறி உக்காந்தான், அந்தக் கணக்கு அடுத்த பக்கத்துல இருக்கு பாரு." திருப்பூர்ல சனிக்கிழமைதான் சம்பளம். வாரம் முழுக்க யாரு எத்தன பீஸ் தெச்சாங்கன்னு நோட்டுல எழுதி, ரேட்டப் போட்டு, சாயங்காலம் மெஷின் நிறுத்தினதும் கணக்கு பாத்து கையில குடுக்கணும். லீவுல அந்தக் கணக்கு அவனோட வேலை. அப்பா சரக்கு டெலிவரி, பாக்கி வசூல்னு வெளிய இருப்பாரு. வாரத்துல அவன் யூனிட்ல இருந்தே ஆகவேண்டிய நாள் ஒண்ணுன்னா அது சனிக்கிழமைதான்.

நான் எதுவும் பண்ணாம டீ குடிச்சுட்டு இருந்தேன். என் லேப்டாப் சோழிங்கநல்லூர்ல. ஆபீஸ்ல இருந்து ஒரு மெசேஜ் கிடையாது. ஈரோடு எங்க மூணு பேரையும் மாறி மாறி பாத்துட்டு, "டேய், இதுல யாருடா கார்ப்பரேட்?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம், தேனி மைக்க ம்யூட் பண்ணிட்டு சிரிச்சான்.

திருப்பூர் ஃபோன வெச்சதும் நான் சும்மா கேட்டேன், சனிக்கிழமை உனக்கு வேலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, ஞாயிறு, திங்கள், செவ்வாய்ன்னு போட்டிருப்பேன்லன்னு. அவன் கோவமெல்லாம் படல. பப்ஸ பிச்சுட்டே சொன்னான், "நீ ஒரு மாசமா உங்க மேனேஜர்கிட்ட எப்படி கேக்குறதுன்னு க்ரூப்ல புலம்புன. நாங்களும் ஐடியா குடுத்தோம். எங்கிட்ட எவனாவது லீவு இருக்கான்னு கேட்டீங்களா? சொந்தக் கடைதானே, இவனுக்கு என்னன்னு விட்டுட்டீங்க. மாப்ள, உங்காளு ஒரு நிமிஷத்துல சரின்னுட்டாங்க. எங்கப்பாகிட்ட நான் மூணு வாரம் பேசுனேன்."

திரும்பி வந்த அப்புறம்

இதுக்கு அப்போவே எங்கிட்ட பதில் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. டேட் மாத்தும்போதெல்லாம் க்ரூப்ல கேட்டுத்தான் மாத்துனோம், "ஓகே"ன்னு தம்ஸ்அப் போட்டவன் அவன். நாலு பேர்ல ஒருத்தனுக்கு மத்தவங்க கைல இருக்குற லீவுன்னா, அந்தத் தேதிய வெச்சுத்தான மத்தத போட முடியும்? தன் கஷ்டத்த வாயத் திறந்து சொல்லாம, மத்தவன் கண்டுபிடிக்கணும்னு எதிர்பாக்குறது நியாயமா? இத அவன்கிட்டயே சொல்லியிருக்கேன். அவன் பதில், "உனக்கு லீவு குடுக்க ஒரு ஆப் இருக்கு, அதனால அது லீவு மாதிரி தெரியுது. எனக்கு லீவுன்னா எங்கம்மா நைட்டு பத்து மணி வரைக்கும் உக்காந்து கணக்கு பாக்குறாங்கன்னு அர்த்தம். இத எப்படிடா க்ரூப்ல போடுறது?" இதுல பாதிய நான் ஒத்துக்கறேன். மீதிய இன்னும் இல்ல.

ஆனா ஒண்ணு மாறிடுச்சு. இன்டர்ன்ஷிப், டூர், பேலன்ஸ்னு யாராவது பேச ஆரம்பிச்சாலே எனக்கு இப்போ கடுப்பாகுது. அந்தப் பேச்சு முழுக்க டேக் போட்டவனோட பேச்சு. மேனேஜர்கிட்ட எப்படி கேக்கணும், ஹேண்டோவர் எப்படி எழுதணும், முதல் வாரத்துலயே தேதிய சொல்லிடணும், எல்லாம் சரிதான், பயனுள்ளதுதான், நானே ஜூனியருங்களுக்கு சொல்றேன். ஆனா எங்க கேங்ல லீவு எவ்ளோ சுலபமா கெடச்சுதுன்னு பாத்தா, காசு வாங்குன எனக்கு சுலபம், காசே வாங்காத தேனி பேக்கரில உக்காந்து வேலை பாத்தான், சொந்த யூனிட்ல வேலை பாக்குற திருப்பூருக்கு லீவுன்னு ஒண்ணே கிடையாது. ஈரோடுக்கு மட்டும் வருஷம் பூரா லீவு, ஆனா ரூம் வாடகைய நாலா பிரிச்சப்போ அவன் முகம் போன போக்க நான் பாத்தேன். ஸ்டைபண்ட் வந்திருக்கு, நான் கூட போடறேன்னேன். "வேணாம்டா, அடுத்த டூர்க்கு பாத்துக்கலாம்"னு பேச்ச முடிச்சுட்டான். காசு இருந்தவனுக்கு நேரமில்ல, நேரம் இருந்தவனுக்கு காசில்ல, இத வெச்சு ஒரு தேதி புடிக்கறதுக்கு எந்த மேனேஜரும் உதவ முடியாது.

ஞாயித்துக்கிழமை, திங்கட்கிழமை எல்லாம் நல்லாவே போச்சு, அத சொல்லாம விட்டா டூரே சண்டைல முடிஞ்ச மாதிரி ஆயிடும். கூழாங்கல் ஆத்துல தண்ணி கலங்கலா வேகமா போச்சு, சத்தியத்த காப்பாத்தி கரையிலயே நின்னோம். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு கூட்டம் ரோட்டுக்கு மேல மரம் விட்டு மரம் தாண்டுறத ரொம்ப நேரம் பாத்தோம். தேனி ஞாயித்துக்கிழமை ஆபீஸ் கால கட் பண்ணிட்டான், நெட்வொர்க் இல்லன்னு சொல்லிட்டான், அது பொய்யும் இல்ல. திங்கட்கிழமை ராத்திரி ட்ரெயின், செவ்வாய்க்கிழமை சென்ட்ரல்ல இறங்கி நேரா ஆபீஸ். அட்டை கடிச்ச எடம் சாக்ஸுக்குள்ள அரிச்சுட்டே இருந்துச்சு. அந்த வாரமே டெமோ, ஒழுங்கா முடிஞ்சுது. அந்தத் திங்கட்கிழமைய பத்தி யாரும் ஒரு வார்த்த கேக்கல.

அடுத்த டூருக்கு தேதிய திருப்பூர்தான் சொன்னான். தீபாவளி போனஸ் குடுத்ததும் ஆளுங்க எல்லாம் ஊருக்குப் போயிடுவாங்க, யூனிட் சாத்தியிருக்கும், வருஷத்துல அவங்கப்பாவே ஃபேன் போட்டு மத்தியானம் தூங்குற வாரம் அதுதான். அக்டோபர் 20 தீபாவளி, அதுக்கப்புறம் கொல்லிமலை, இந்தத் தடவ 70 வளைவு. ஈரோடு சரின்னான், தேனி அந்த ஸ்டார்ட்டப்ப விட்டுட்டான், அவனும் சரின்னான். எனக்கு அந்த வாரம் ரெண்டு கம்பெனி ஆன்லைன் டெஸ்ட் இருந்துச்சு, தேதிய மாத்தலாமான்னு க்ரூப்ல கேட்டேன். மூணு பேரும் பாத்தாங்க, ப்ளூ டிக் விழுந்துச்சு. ஒருத்தனும் பதில் போடல, நானும் பஸ் டிக்கெட் போட்டுட்டேன்.